பெருவிரலில் இரண்டு தட்டு

நனைந்த கோரைப் பாயின் வாடை. காலையில் கதவைத் திறந்ததும் அதுதான் வந்தது. நேற்று வெயிலில் போட்ட உன் பாயை எடுக்க மறந்துவிட்டேன். இரவுச் சாரலில் ஊறிப் போயிருந்தது.

உன் அம்மா கொடுத்த பாய். வாங்கி வந்து பல மாதங்கள் ஆகின்றன. இன்று அதில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிப் பார்ப்பது என்று முடிவெடுத்திருந்தேன். பயமாக இருந்தது. வேறு யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். படுப்பதற்கு என்ன பயம்?

டவுணில் துணிக்கடைக்கு மேலே அந்த மாடி. காலை யோகா வகுப்பின் முடிவில் சவாசனம். கால்களை அகற்றி, உள்ளங்கைகளை மேலே திருப்பி, பிணம்போலக் கிடக்க வேண்டும்.

"பேர விடுங்க. ஊர விடுங்க. மிச்சம் இருக்கது யாருன்னு பாருங்க" என்பார் மாஸ்டர். கீழே கண்டக்டர் "ஜங்ஷன், ஜங்ஷன்" என்று கத்துவார்.

பக்கத்தில் இதே பாயில் கிடந்து நீ முணுமுணுப்பாய். "ஊர விட்டுட்டா ஜங்ஷன் பஸ்ஸ எங்கட்டி பிடிக்க?"

பாளையங்கோட்டையில் உன் வீட்டில் இதற்கு மதிப்பே இல்லை. "செத்தவ மாதிரி கெடக்கதுக்கு ஒரு கிளாஸாட்டி?" என்பார் உன் அம்மா. அன்று நாம் சிரித்தோம்.

ஒருநாள் அந்த மிச்சத்துக்குப் போய்விட்டேன். முதலில் கால் இல்லை. பிறகு கை இல்லை. பெயரைத் தேடினேன். வரவில்லை. யாருடைய உடம்பு இது? அமைதி இருந்தது. அதில் ஆள் இல்லை. கத்த நினைத்தேன், வாய் எங்கே என்று தெரியவில்லை.

எங்கோ தொலைவில் ஒரு கால்பெருவிரல். அதில் இரண்டு தட்டு.

"ஏட்டி, எந்தி. பசிக்கி."

இட்லிக் கடையில் உட்கார்ந்ததும் சொன்னேன். "பேரே வரலட்டி. நான் இல்லாமப் போயிட்டேன்."

"இல்லாமப் போனவளா பயந்தா?" சட்னியைத் தொட்டபடி கேட்டாய். "பயந்தவ ஒருத்தி அங்கன இருந்தாள்லா. அவளப் பிடிச்சுக்கோ. பேரு பைய வரும்."

அன்றிலிருந்து அது நம் வழக்கம். முதலில் எழுபவள் மற்றவளின் பெருவிரலில் தட்ட வேண்டும். உன்னை எழுப்ப எப்போதும் நேரமாகும். முதலில் சிரிப்பாய். பிறகுதான் கண் திறப்பாய்.

நீ தூக்கத்தில் போனாய். மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது என்றார்கள்.

உன் வீட்டு முன்னறையில் துக்கத்துக்கு வந்தவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். வகுப்பில் பார்த்த அதே முகத்தோடு நீ கிடந்தாய். கால் பெருவிரல்களை வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பாதங்கள் வெளிப்பக்கம் அல்லவா சாய வேண்டும்? அதுதான் எனக்குத் தோன்றியது. என் கை தானாகப் போய்த் தட்டியது. ஒன்று. இரண்டு. சில்லென்றிருந்தது.

பாட்டு நின்றுவிட்டது.

"என்னட்டி செய்யுத?" என்றார் உன் அம்மா.

"எழுப்புதேன், அம்மா."

அவர் என் கையைத் தள்ளிவிடவில்லை. குனிந்து உன் முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்தச் சிரிப்புக்காக இருவரும் காத்திருந்தோம்.

அதன்பிறகு நான் மல்லாந்து படுப்பதில்லை. முழங்காலை மடக்கி ஒருக்களித்துத்தான். தூக்கம் இழுக்கும்போதெல்லாம் காலை உதறிக்கொள்வேன். அங்கே போய்விட்டால் யார் தட்டுவார்கள்?

இன்று ஈரத்தோடு பாயை விரித்தேன். படுத்தேன். பாதங்கள் வெளிப்பக்கம் சாய்ந்தன. தெருவில் டவுண் பஸ் ஒன்று போனது. பிறகு அதுவும் இல்லை. கால் போயிற்று. கை போயிற்று. பெயரும் போயிற்று. பெருவிரலில் தட்டு விழும் என்று காத்திருந்தேன்.

விழவில்லை.

இல்லாமல் போனவளா பயந்தாள்? உன் கேள்விதான் வந்தது. பார்த்தேன். பயந்தபடி ஒருத்தி அங்கே இருந்தாள். அவளுக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை. ஆனாலும் இருந்தாள். அவளைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

வலது குதிகாலால் இடது பெருவிரலில் நானே தட்டினேன். இரண்டு தடவை.

எழுந்து உட்கார்ந்தபோது முதுகெல்லாம் பாயின் ஈரம். பயம் போகவில்லை. பெயரும் உடனே வரவில்லை. பைய வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.