காலில் கொட்டிய கஞ்சி

சர்ச்சுக்குப் பின்னால் இன்று அசனக் கறி கொதிக்கிறது. ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் நாள். மசாலா வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. உனக்குத்தான் தெரியுமே, எனக்கு அழுவதைவிடக் கோபப்படுவது சுலபம்.

போன ஆண்டு இதே இடத்தில்தான் சோறு வடிக்கையில் அண்டா சரிந்து, கொதிக்கும் கஞ்சி உன் இடுப்பிலிருந்து பாதம் வரை கொட்டியது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வேனில் கொண்டுபோகும்போதுகூட, "ஏலே, கறிய அடிபிடிக்க விட்றாத" என்றாய்.

மறுநாள் உன் கட்டிலில் கிடந்த ஆளைப் பார்த்து, "எங்க ஆள எங்கன கொண்டுபோனீங்க?" என்று நர்ஸிடம் கத்தினேன். முகம் பூசணிக்காயாக வீங்கி, கண்ணே தெரியவில்லை. அந்த முகத்துக்குள்ளிருந்து, "சத்தம் போடாதலே, நான்தான்" என்று உன் குரல் வந்தது.

முகத்தில் ஒரு துளிகூடப் படவில்லையே என்று டாக்டரம்மாவிடம் சண்டைக்குப் போனேன். "புண்ணு இடுப்புக்குக் கீழதான் அண்ணாச்சி. ஆனா உடம்பு மொத்தமும் சண்டைக்குக் கிளம்பிருச்சு. அதுல ரத்தக்குழாய் எல்லாம் கசியுது, நல்ல இடமும் வீங்குது" என்றார். கிருமியை விரட்ட வேண்டிய காவல், நிறுத்தத் தெரியாமல் உன்னையே அடித்துக்கொண்டிருந்தது.

வீக்கம் வடிந்ததும் நான் சிரித்தேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஓயாமல் அடித்துக் களைத்துப்போன காவல் இனி சின்னக் கிருமியைக்கூடத் தடுக்காது, யாரையும் தொட விடாதீர்கள் என்றார்.

நம் சபையில் தலையில் கை வைக்காமல் ஜெபமா! ஒரு வேன் ஆட்கள் வந்து இறங்கினார்கள். "வெளிய நின்னு ஜெபியுங்க, கர்த்தருக்குக் கேக்கும்" என்று கதவை மறித்தேன். உன் அம்மாவையும் மறித்தேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கண்ணாடி வழியாக உன்னைப் பார்த்தபடி நின்றார்கள். அவ்வளவு காவல் காத்தும், காய்ச்சல் ஏறி, ரத்தத்தில் கிருமி கலந்து நீ போய்விட்டாய்.

இன்று உன் அம்மா என் இலையில் சோறு வைக்க வந்தார்கள். அன்று கதவை மறித்த பிறகு இப்போதுதான் என்னிடம் பேசுகிறார்கள்.

"நீ மறிச்சது சரின்னு டாக்டரம்மாவும் சொல்லிட்டாவ. சரியாவே இருக்கட்டும்யா. ஆனா, எம்புள்ள தலைய உசுரோட ஒருக்கா தொட்டிருப்பேனே."

சுற்றிலும் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். இன்னொரு தடவை அப்படி நேர்ந்தாலும் நான் அந்தக் கதவை மறிக்கத்தான் செய்வேன், மக்கா. அதை உன் அம்மாவிடம் எந்த வாயால் சொல்வேன்?