பஞ்சாலை போட்ட சோறு

நான்காவது லயம், மேல் பிரிவு,
ரெம்பாவ்.
18-9-1956

ஆசை அக்கா நீலாவதிக்கு,

தங்கச்சி முத்தாயி எழுதுவது. நானும் என் வயிற்றில் இருக்கும் ஆறு மாதமும் சுகம். உன் சுகத்தையும் மாமாவின் இருமலையும் பற்றி ஒரு வரி எழுது. போன கடிதத்துக்கு நீ பதிலே போடவில்லை. ராசாவில் தபால்பெட்டி இல்லையா என்ன?

இங்கே புரட்டாசி பிறப்பதற்கு முன்பிருந்தே மத்தியானம் ஆனால் மழை கொட்டுகிறது. ரப்பர் மரத்தில் பால்வெட்டு அரைகுறைதான். இதற்கு நடுவில் ஒரு கூத்து கேள். இனிமேல் லயத்தில் யார் வீட்டிலும் ஒரு மணி அரிசி இருக்கக் கூடாதாம். காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கு நாம் கொடுத்துவிடுவோமாம். போலீஸ்காரர்கள் வீடு வீடாக வந்து பானையைக் கவிழ்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். தோட்டத்துக் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை போட்டு மொத்தத் தோட்டத்துக்கும் அங்கேதான் சோறு வடிக்கிறார்கள். குழம்பை நம் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். சோற்றைத் தலைக்கு இவ்வளவு என்று வரிசையில் நின்று வாங்க வேண்டும். உலை வைக்காத வீடும் ஒரு வீடா, அக்கா? நீ கொடுத்துவைத்தவள். உன் அடுப்பு உன்னுடையது.

அங்கே அகப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்பது யார் தெரியுமா? பஞ்சாலை. இவருடைய மாமன் மகள். முதலில் இவருக்கென்று பேசிவைத்து, பிறகு பொருத்தம் சரியில்லை என்று விட்டார்களே, அவளேதான். புருஷன் அர்ச்சுனன் காய்ச்சலில் செத்து இரண்டு வருஷம் ஆகிறது, பாவம் என்று துரை வேலை கொடுத்தாராம். பாவம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நேற்று இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, “பருக்கை பருக்கையா இருக்குல்ல?” என்கிறார். மூன்று வருஷம் நான் வடித்துக் கொட்டினேன், ஒரு நாளாவது இந்த வாய் திறந்திருக்குமா?

அவள் இவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள், அக்கா. நான் வாயால் சொல்லாத பேர். “தூக்குச் சட்டியத் தொறப்பா” என்று அந்தப் பேரையும் சேர்த்து ஊர் கேட்கக் கத்துகிறாள். கேட்டால், சின்ன வயசிலிருந்து அப்படித்தான் என்கிறார் இவர். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

உன் தங்கச்சி,
முத்தாயி

ராசா, சிரம்பான்.
24-9-1956

அன்புத் தங்கச்சி முத்தாயிக்கு,

அக்கா நீலாவதியின் ஆசி. உன் கடிதத்தை மாமாவிடம் படித்துக் காட்டவில்லை. படித்தால் சிரிப்பார்.

பதில் போடவில்லை என்று கோபிக்கிறாய். தையல் கடையில் தீபாவளித் துணி இப்போதே வர ஆரம்பித்துவிட்டது. மாமா தைக்க, நான் பித்தான் கட்ட, பகல் போவது தெரியவில்லை. இருமல் அப்படியேதான் இருக்கிறது.

அடி பைத்தியம், இருநூறு பேருக்கு வடிக்கிற சோற்றில் உன் புருஷனுக்கு என்று அவள் எதைக் கலந்துவிட முடியும்? புகையில் கண் எரிந்து நிற்கிறவளைப் பார்த்துப் பொறாமைப்பட உனக்கு எப்படி மனசு வருகிறது? மணியம் நல்ல பிள்ளை. நான்தான் பார்த்துப் பார்த்து உனக்குக் கட்டிவைத்தேன். மாசமாக இருக்கும்போது மனம் கண்டபடி ஓடும். சனிக்கிழமை விரதம் என்று வயிற்றைக் காயப் போடாதே. பெருமாள் கோபிக்க மாட்டார்.

அக்கா,
நீலாவதி

ரெம்பாவ்.
30-9-1956

அக்காவுக்கு,

நீ சிரிப்பாய் என்று தெரிந்துதான் எழுதினேன். இப்போது எழுதப் போவதையும் படித்துச் சிரி.

முன்பெல்லாம் இவர் எப்போதாவதுதான் போவார், நான்தான் வரிசையில் நிற்பேன். இந்த வாரத்திலிருந்து, “நீ வவுத்தோட நிக்க வேணாம், நான் போறேன்” என்று இவரே தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். எத்தனை கரிசனம் பார்த்தாயா! சட்டையை மாற்றிக்கொண்டு போகிறார், அக்கா. சோறு வாங்கப் போகிற ஆள் எதற்குச் சட்டை மாற்ற வேண்டும்?

போனால் சீக்கிரம் வருவதில்லை. நேற்று நான் தண்ணீர்க் குழாய் வரைக்கும் போய் ஒளிந்து நின்று பார்த்தேன். வேண்டுமென்றே வரிசையில் கடைசியாக நிற்கிறார். எல்லோரும் போன பிறகு அவள் இவர் தூக்கை வாங்கி, அகப்பையின் முதுகால் சோற்றை அழுத்தி அழுத்தி நிரப்புகிறாள். மற்றவர்களுக்கெல்லாம் தட்டிப் போடுகிறவள். இவர் ஏதோ சொல்ல, அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

தூக்கு கனமாகத்தான் வருகிறது. ஆனால் வீட்டுக்கு வந்தால் இவருக்குப் பசி இருப்பதில்லை. இரண்டு கவளம் கொறித்துவிட்டு, “எனக்குப் போதும், மிச்சத்த நீ சாப்புடு” என்று தட்டை என் பக்கம் தள்ளுகிறார். எங்கே தின்றுவிட்டு வருகிறார் என்று எனக்குத் தெரியாதா? அவள் கையாலேயே அங்கே முடித்துவிடுகிறார். நான் எச்சில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு இருப்பது இவர் ஒருவர்தான், அக்கா. அவரையும் கொண்டுபோய்விட்டால் நான் எங்கே போவேன்?

இன்றைக்கும் சிரிப்பாயா?

முத்தாயி

ராசா.
6-10-1956

என் தங்கச்சிக்கு,

சிரிக்கவில்லை. மாமாவிடம் காட்டினேன், அவரும் சிரிக்கவில்லை. அவர் கேட்டதை அப்படியே எழுதுகிறேன். தூக்கு நிறையச் சோறு வருகிறது, மணியம் இரண்டு கவளத்தோடு எழுந்துவிடுகிறான் என்றால், அந்தச் சோறெல்லாம் யார் வயிற்றுக்குப் போகிறது? ஒரு நிமிஷம் உட்கார்ந்து யோசித்துப் பார், முத்தாயி.

அவசரப்பட்டு யாரிடமும் வாயைக் கொடுத்துவிடாதே. இது முன்பு மாதிரி காலம் இல்லை. இங்கே ஒருவர் வீட்டில் மூன்று டின் பால் கூடுதலாக இருந்ததற்கே ஆளைக் கொண்டுபோய் ஒரு மாதம் வைத்திருந்தார்கள். வீட்டுச் சண்டையை வீட்டுக்குள் போடு. மணியத்தையே நேராகக் கேள். கேட்டுவிட்டு எனக்கு எழுது.

அக்கா

ரெம்பாவ்.
7-10-1956

அக்கா,

எனக்கு மனசு கொஞ்சம் லேசாக இருக்கிறது. நேற்று ஒரு காரியம் செய்தேன்.

கேட்டில் நிற்கிற ஸ்பெஷல் போலீஸ் சன்னாசியிடம் போய், “கொட்டாயில பஞ்சாலை ஒரு ஆளுக்கு மட்டும் கூடப் போடறா, நான் கண்ணால பாத்தேன்” என்று சொல்லிவிட்டேன். வேறு ஒன்றும் இல்லை. அவள் கையிலிருந்து அந்த அகப்பையைப் பிடுங்கி வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டால் எனக்குப் போதும்.

சன்னாசி விடாமல், “யாருக்குப் போடறா? ஆளு பேரச் சொல்லுங்க” என்றார். என் வாயில் அந்தப் பேர் எப்படி வரும்? சொன்னால் இவருக்கும் அல்லவா வம்பு? “தெரியல” என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் ஒரு புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

இனிமேல் எல்லாம் சரியாகிவிடும். நீ கவலைப்படாதே. இவருக்கு ஒரு கோடு போட்ட சட்டைத்துணி எடுத்து வை.

முத்தாயி

ரெம்பாவ்.
15-10-1956

அக்கா, அக்கா,

உன் கடிதம் எட்டாம் தேதிதான் கைக்கு வந்தது. இரண்டு நாள் முன்னால் வந்திருக்கக் கூடாதா?

ஒன்பதாம் தேதி காலை ஜீப் வந்தது. பஞ்சாலையைச் சோறு போட்டுக்கொண்டிருந்த கையோடு ஏற்றினார்கள். யாருக்குப் போட்டாள் என்று தெரியாது என்றேன் இல்லையா? தெரியாத ஆள் என்றால் காட்டு ஆள்தான் என்று எழுதிவிட்டார்கள். சிரம்பானுக்குக் கொண்டுபோனதாகப் பேச்சு. என்ன கேட்டும் அவள் வாயைத் திறக்கவில்லையாம்.

இவர் நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பேசவும் இல்லை. எனக்கு அப்போதும் புத்தி வரவில்லை. அவளுக்காக இப்படி உருகுகிறாரே என்று வயிறு எரிந்தது. பன்னிரண்டாம் தேதி கேட்டேவிட்டேன். “அவ போனா ஒங்களுக்கு என்னா? ஏன் இப்படி செத்த வீடு மாதிரி ஒக்காந்திருக்கீங்க?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “அந்தச் சோத்தத் தின்னது நீ. நாந்தான் அவகிட்டப் போயி, வவுத்துப் புள்ளக்காரிக்கு ஒரு கரண்டி சேத்துப் போடுன்னு கெஞ்சினேன். நீ ஒடம்பு இளைச்சுட்டேன்னு கெஞ்சினேன். அவ என் பேரச் சொல்லாம உள்ள இருக்கா. நான் எப்படி பால் வெட்டப் போவேன்?”

சன்னாசியிடம் போனது நான்தான் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, அக்கா. மறுநாள் புரட்டாசிக் கடைசிச் சனி. இவர் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பேர் கொடுக்காமல் நேரே கேட்டுக்குப் போய், “நாந்தான் வாங்கினேன், என்னைக் கூட்டிக்கிட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டார். மாற்றுச் சட்டைகூட எடுத்துக்கொள்ளவில்லை.

என்னைத் திட்டு, அடி, என்ன வேண்டுமானாலும் செய். ஆனால் ஒன்று மட்டும் சொல். எனக்காகச் சோறு கேட்டார், சரி. ஜெயிலுக்குப் போனது யாருக்காக? அவளுக்காகத்தானே? இப்போதும் எனக்கு இதுதான் தோன்றுகிறது. நான் மனுஷிதானா?

முத்தாயி

ராசா.
22-10-1956

முத்தாயிக்கு,

திட்ட எனக்குத் தெம்பு இல்லை.

மணியத்துக்கு மூன்று மாதம் தீர்ப்பாகிவிட்டது. மாமா கோர்ட்டுக்குப் போயிருந்தார். பிள்ளை பிறக்கும்போது அவன் உள்ளேதான் இருப்பான். பஞ்சாலையைப் போன வியாழக்கிழமை விட்டார்கள். ரெம்பாவ் பஸ் போய்விட்டது. வழி விசாரித்து என் வீட்டுக்கு வந்தாள். அன்றைக்கு இங்கேதான் படுத்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. கஞ்சி கொடுத்தேன், குடித்தாள். உன் கடிதங்கள் தையல் பெட்டிக்குள் இருந்தன. நான் அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

உன்னைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கிளம்பும்போது மட்டும், “அது ஒத்தையில கெடக்கும். நான் போயி பாத்துக்கறேன்” என்றாள்.

அவன் யாருக்காகப் போனான் என்று அவனைத்தான் கேட்க வேண்டும். ஆனால் கேட்கும் முன்னால் நீ செய்ததைச் சொல். முதலில் அவளிடம், பிறகு அவனிடம். சொல்லாமல் எனக்குக் கடிதம் போடாதே. நான் பிரிக்க மாட்டேன்.

நீலாவதி

ரெம்பாவ்.
11-11-1956

அக்காவுக்கு,

பிரித்துப் படி. இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டேன்.

பஞ்சாலையைக் கொட்டகை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். புல் வெட்டப் போகிறாள். வேலை முடிந்ததும் நேராக என் வீட்டுக்கு வந்து தண்ணீர் பிடித்து வைத்து, வீங்கின காலுக்கு எண்ணெய் தடவிவிடுவாள். அவள் கை பட்டால் எனக்கு உடம்பே கூசும். இவளுக்கு மட்டும் எப்படி இத்தனை நல்ல மனசு என்று அதற்கும் ஒரு பொறாமை வந்தது, அக்கா. தீபாவளி அன்றைக்கு லயமே எண்ணெய் தேய்த்துக் குளித்தது. நான் குளிக்கவில்லை. அவள் வந்து காலடியில் உட்கார்ந்தபோது அழுதுகொண்டே சொன்னேன். “ஒன்னப் புடிச்சுக் குடுத்தது நாந்தான்.”

“தெரியும்” என்றாள். “மாசமா இருக்கற பொம்பளைக்கு உன் மேல என்ன கோவம்னு மொத நாளே ஸ்டேஷன்ல கேட்டாங்க. கால நீட்டு.”

நான் நீட்டவில்லை. அவளாக இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “ஒன்ன மன்னிச்சுட்டேன்னு நெனைக்காத. புள்ள பொறக்கட்டும். அப்பறம் ஒங்கிட்டக் கேக்க வேண்டியது நெறைய இருக்கு.”

நேற்று இவரைப் பார்க்கச் சிரம்பான் ஜெயிலுக்கு வந்திருந்தேன். உன் வீட்டுக்கு வராமல் போனதற்குக் கோபிக்காதே. ஆறு மணிக்குத் தோட்டத்துக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள் என்பது ஒரு சாக்கு. உன் முகத்தில் முழிக்க முடியவில்லை என்பதுதான் நிஜம். எட்டு மாத வயிற்றோடு தனியாக அனுப்ப மாட்டேன் என்று பஞ்சாலையும் கூட வந்தாள். உள்ளே ஒருவரைத்தான் விட்டார்கள். நான் போனேன்.

கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார். மொட்டை அடித்திருந்தார்கள். அடையாளமே தெரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். குழாயடியில் ஒளிந்து நின்றதை, சன்னாசியிடம் போனதை, பேர் தெரியாது என்று சொன்னதை, அவர் கேட்டுக்குப் போகும்போது நான் வாயை மூடிக்கொண்டு நின்றதை. கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டார். யாருக்காகப் போனீர்கள் என்று கேட்கத்தான் வந்தேன், கேட்க முடியவில்லை. நேரம் ஆகிவிட்டது என்று வார்டர் வந்தபோதுதான் வாயைத் திறந்தார்.

“பஞ்சாலைக்குக் கொட்டாய் வேல திரும்பக் கெடச்சுதா?”

“இல்ல. புல்லு வெட்டுது.”

தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. நான் சாப்பிட்டேனா என்றும் கேட்கவில்லை. எதற்குப் பயந்து இத்தனையும் செய்தேனோ, அதை நானே என் கையால் கொண்டுபோய் அவளிடம் கொடுத்துவிட்டேன், அக்கா.

வெளியே சுவரோரம் பஞ்சாலை நின்றுகொண்டிருந்தாள். மழை தூறியது. “என்னா சொன்னாரு?” என்றாள். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பிள்ளையைக் கேட்டார், என்னைக் கேட்டார் என்று சொல்லியிருந்தால் அவளுக்கு எப்படித் தெரியப் போகிறது? நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

“ஒன்னத்தான் கேட்டாரு” என்றேன்.

அவள் என் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டவைத்தாள். பஸ்ஸில் ஒரே இடம்தான் இருந்தது. என்னை உட்காரவைத்துவிட்டு ரெம்பாவ் வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள்.

முத்தாயி