ஒரு துணைக்காலும் ஓர் ஆறும்

11 ஜூன் 1956

காபிப்பொடி தீர்ந்துவிட்டது. நாணு காந்தி பஜாரிலிருந்து வாங்கி வந்தான். பொட்டலத்தைக் கொடுக்கும்போதே ஆரம்பித்துவிட்டான்.

"மன்னி, அண்ணாவோட நோட்டையெல்லாம் சீனிவாசராகவன் சார்கிட்ட குடுத்துடலாமே. அவரே புஸ்தகமாப் போட்டுடுவார். நீங்க எதுக்கு சிரமப்படணும்?"

சிரமம் என்று இவனிடம் யார் சொன்னது? இவர் காலமாகி எட்டு மாதமாகிறது. ஜியாலஜி இலாகாவில் கிடைத்த லீவையெல்லாம் ராஜஸ்தான் பாலைவனத்தில்தான் கழித்தார். ஒன்பது குளிர்காலம், பதினோரு நோட்டு. எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும் அந்தக் கையெழுத்தை உலகத்தில் இரண்டு பேரால்தான் படிக்க முடியும். ஒருத்தர் போய்விட்டார். இன்னொருத்தி நான்.

நாணுவுக்கு இரண்டாம் டிகாக்ஷனில் காபி கொடுத்து அனுப்பினேன்.

3 ஜூலை

மதராஸ் பிரசுரக்காரர்களிடமிருந்து கடிதம். அந்தப் பாலைவனத்தைப் பற்றி மண், மழை, மரம், மிருகம், மனிதர் எல்லாம் சேர்த்து ஒரு முழுப் புத்தகம். இங்கிலீஷில், வரும் மார்ச்சுக்குள் கொடுத்தால் போடுகிறார்களாம். ஒரே நிபந்தனை: விஷயம் தெரிந்த ஒருவர் படித்துச் சரி சொல்லவேண்டும். அந்த ஒருவர் யார் என்று பார்த்தால் சீனிவாசராகவன். இவரோடு அதே இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர்.

படிக்கட்டும். அட்டையில் இவர் பெயர் சேஷகிரி என்று இருக்கவேண்டும். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டாம்.

வேண்டாமா? எழுதும்போது கை கொஞ்சம் நின்றது.

29 ஜூலை

மரங்களைப் பற்றிய அத்தியாயம் முடிந்தது. கேஜ்ரி, கேஜ்ரி என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிறார். பஞ்ச காலத்தில் அதன் காயைத்தான் தின்று பிழைப்பார்களாம், வெட்ட வந்தால் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார்களாம். என்ன மரமோ என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். ஓரத்தில் இருந்த லத்தீன் பெயரை எழுதிக்கொண்டு லால்பாக் போய்க் கேட்டேன். நம் வன்னி மரம். விஜயதசமிக்கு இந்த ஊரில் எல்லோரும் 'பன்னி' இலை கொடுத்துக்கொள்கிறோமே, அதேதான். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒரே சிரிப்பு. பக்கத்தில் இருந்த அம்மாள் நகர்ந்து உட்கார்ந்தாள்.

14 ஆகஸ்ட்

டைப் அடிக்க டோரீன் வந்துவிட்டாள். ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். முப்பது வயதிருக்கும். விரல் ஒரு வேகம் என்றால் வாய் அதற்கு மேல்.

கிணறுகளைப் பற்றிய பக்கத்தை அடித்துவிட்டு நிமிர்ந்தாள். "இருநூறு அடிக் கிணறாம்மா? யாரு இறைப்பாங்க?"

ஒட்டகம்தான் இறைக்கும் என்றேன். கயிற்றை இழுத்துக்கொண்டு அது நேராக நடக்கும். அது நடந்து நடந்து விழுந்த தடத்தின் நீளம்தான் கிணற்றின் ஆழம். ஊருக்குப் புதிதாக வந்தவன் கிணற்றில் எட்டிப் பார்க்கவேண்டாம், தடத்தைப் பார்த்தால் போதும்.

"உங்க வீட்டுக்காரர் இதெல்லாம் பாத்தாரா? நீங்க பாக்கலியா?"

பார்க்கவில்லை.

22 செப்டம்பர்

ஐந்தாம் அத்தியாயத்துக்கு இவர் விட்டுப்போனது ஒரே வரி. "ஆறு இருந்தது. கிணறுகளே சாட்சி."

அவர் வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தது அதுதான். அந்த மணலுக்கு அடியில் ஒரு பழைய ஆற்றின் தடம் இருக்கிறது, அதை ஒட்டித்தான் ஊர்களும் ஒட்டகப் பாதையும் வந்தன, பழைய செங்கல் மேடுகளும் அங்கேதான் கிடக்கின்றன. மணலில் ஆற்று நத்தை ஓடு பொறுக்கி வந்து என் அஞ்சறைப் பெட்டியில் போட்டுவைத்த மனிதர். புத்தகத்துக்கே அதுதான் உயிர்.

நோட்டில் அறுபத்துமூன்று கிணறுகள் இருக்கின்றன. முப்பத்தொன்றுக்கு எதிரே KHARA என்று இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருக்கிறார். மற்றவற்றுக்கு எதிரே ஒன்றும் இல்லை. கன்னடத்தில் என்றால் காரம். தண்ணீர் எப்படிக் காரமாக இருக்கும்?

6 அக்டோபர்

சீனிவாசராகவன் வந்தார். நல்ல மனிதர், குரலைக்கூட உயர்த்தமாட்டார். அதனால்தான் இன்னும் கோபம் வருகிறது. காரம் என்று நான் சொன்னதும் மெதுவாகச் சிரித்தார்.

"ருக்மிணி அம்மா, நான் ஹிந்தி விசாரத் பரீட்சை பாஸ் பண்ணினவன். கரான்னா சுத்தம், அசல்னு அர்த்தம். அசல் தங்கத்தை கரா சோனான்னு சொல்லுவா. அப்போ குறிப்புப் போட்ட கிணறெல்லாம் நல்ல தண்ணி."

முப்பத்தொன்றையும் மேப்பில் புள்ளி வைத்துக் காட்டினார். கடுகைக் கொட்டினாற்போல எங்கும் சிதறிக் கிடந்தது. இதில் ஆறும் இல்லை, வாய்க்காலும் இல்லை.

"சேஷகிரி ஆசைப்பட்டுட்டார், அவ்வளவுதான். ஐந்தாம் அத்தியாயத்தை எடுத்துடுங்கோ. மத்ததுக்கு நான் இன்னிக்கே கையெழுத்துப் போடறேன்."

7 அக்டோபர்

எடுக்கமாட்டேன். எடுக்கவே மாட்டேன். ஒன்பது வருஷம் வெயில்ல சுத்தினவர் ஆசைப்பட்டா சுத்தினார்?

19 அக்டோபர்

இதை நிதானமாக எழுதவேண்டும்.

டோரீன் பட்டியலை அடித்துக்கொண்டிருந்தாள். நடுவில் தானாகவே, "காரா, காரா, காரா... பாவம்மா அந்த ஜனங்க" என்றாள்.

என்ன பாவம் என்றேன்.

"எங்க வீட்டுக் கிணறும் காராதான். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. பக்கத்து வீட்டு பீபி தினம் திட்டும், காரா பானி, காரா பானின்னு. உப்புத் தண்ணிம்மா."

உப்பு. நோட்டில் குறி போட்டதெல்லாம் உப்புக் கிணறு. நல்ல தண்ணீருக்கு எதிரே எதற்கு எழுதவேண்டும்? குடித்துவிட்டு நடந்திருப்பார். எனக்கு இது தோன்றவேயில்லையே. சாதம் நன்றாக இருந்தால் என்றைக்காவது வாயைத் திறந்திருக்கிறாரா? உப்பு கூடினால்தானே சொல்லுவார்.

கரா என்றால் அசல். காரா என்றால் உப்பு. இங்கிலீஷ் எழுத்தில் இரண்டும் ஒன்று. ஒரு துணைக்கால் இல்லாமல் ஓர் ஆறே காணாமல் போகப் பார்த்தது.

டோரீனுக்கு முதல் டிகாக்ஷனில் காபி.

23 அக்டோபர்

சீனிவாசராகவனிடம் சொன்னேன். "டைப்பிஸ்ட் வீட்டுக் கிணத்தை அடிக்குறிப்புல போட முடியுமா?" என்றார். முடியாது, அது நியாயம்தான். உப்புக் கிணறு எது என்று தெரிந்தாலும் போதாது. குறி போடாத முப்பத்திரண்டில் எது இனிப்பு, எது பாழடைந்தது, எதை அவர் பார்க்கவேயில்லை? யாருக்குத் தெரியும்?

அந்தந்த ஊர்க்காரனுக்குத் தெரியும்.

2 நவம்பர்

பதில் கார்டு ஒட்டியே வரும் ஜோடிக் கார்டுகளாக வாங்கினேன். கிணற்றுக்கு ஒன்று. 'பள்ளிக்கூட உபாத்தியாயர்' என்று மட்டும் போட்டு, கீழே ஊர்ப் பெயர். அப்பா சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்ததில் எனக்கு நாகரி எழுத்து வரும், ஹிந்தி வராது. டோரீனுக்கு உருது பேச வரும், எழுத வராது. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். உங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் மீட்டாவா, அதாவது இனிப்பா, இல்லை காராவா? என் கணவர் அங்கே வந்திருக்கிறார், காலமாகிவிட்டார், அவருடைய புத்தகத்துக்காகக் கேட்கிறேன்.

டோரீன் பேசும் மஸ்ஜித் ரோடு உருதுவைப் படித்துவிட்டு அந்த வாத்தியார்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் பதில் போட்டால் சரி.

16 நவம்பர்

ஒன்றுமில்லை.

27 நவம்பர்

தபால்காரர் இரண்டு கார்டு கொடுத்தார். வாசலிலேயே நின்று எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தேன், எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. டோரீன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு அர்த்தம் சொன்னாள். ஒன்று உப்பு. நாகரியில் 'க'வுக்குப் பக்கத்தில் கால் பட்டென்று நிற்கிறது, யாரும் மறுக்க முடியாது. இன்னொன்று மீட்டா.

20 டிசம்பர்

நாற்பத்தாறு வந்துவிட்டது. கேட்டது ஒரு வார்த்தை, எழுதியிருப்பதோ இடம் போதாமல் ஓரமெல்லாம் சுற்றி. ஒருவர் தன் தாத்தா கிணறு வெட்டும்போது செங்கல் சுவர் அகப்பட்டதாம் என்கிறார். ஒருவர் கானமயில் முன்பு கூட்டமாக வரும், இப்போது மூன்று நாலுதான் என்கிறார். தேஜாசர் என்ற ஊரின் வாத்தியார் பன்வர்லால்: "காரா. ஒட்டகம் குடிக்கும். நாங்கள் நாலு மைல் போகிறோம்." இவ்வளவுதான் எழுதியிருக்கிறார்.

நானும் டோரீனும் வாய் ஒன்று காது ஒன்றாக வேலை செய்கிறோம். பாலைவனமே பசவனகுடிக்கு வந்து என் மேஜையில் உட்கார்ந்திருக்கிறது.

9 ஜனவரி 1957

இன்று மேப்பில் ஊசி குத்தினோம். உப்புக்குக் கறுப்பு, இனிப்புக்குச் சிவப்பு. பதினேழு சிவப்பு. பதினைந்தாவது ஊசிக்கே டோரீன் பேச்சை நிறுத்திவிட்டாள்.

வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஒரே கோடு. இடையில் லேசாக ஒரு வளைவு, நம் காவேரி திரும்புகிற மாதிரியே. செங்கல் மேடுகளும் அதன் மேலேயே. ஆறுதான். ஆறேதான். அவர் சொன்னது சரி. நான் உட்கார்ந்து அழுதேன், வெட்கமில்லாமல் சத்தமாக. சந்தோஷத்தில்தான்.

13 ஜனவரி

சீனிவாசராகவனை வரச்சொன்னேன். மேப்பின் முன்னால் வெகுநேரம் நின்றார். கார்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். அவருக்குத்தான் ஹிந்தி தெரியுமே.

"விசாரத் சர்டிபிகேட்டை திருப்பிக் குடுத்துடணும் போல இருக்கே" என்றார். பிறகு, "இந்த அத்தியாயத்தை நீங்கதான் எழுதணும். கார்டு போட்டு ஆத்தைக் கண்டுபிடிச்சதை சேஷகிரி பேர்ல போட்டா அது பொய்" என்றார்.

டோரீன் மெஷினுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள்.

4 டிசம்பர்

புத்தகம் வந்துவிட்டது. அட்டையில் இரண்டு பெயர், முன்னுரையில் டோரீன். அவள் தன் பெயரை ஏழெட்டுத் தடவை படித்துவிட்டு எழுத்துப் பிழை இல்லை என்று சொன்னாள்.

17 பிப்ரவரி 1958

டில்லியிலிருந்து குழாய்க்கிணறு தோண்டும் இலாகாவின் கடிதம். சோதனைக்கு ஓர் இடம் சொல்ல முடியுமா என்று சீனிவாசராகவனைக் கேட்டார்களாம், அவர் என் விலாசத்தைக் கொடுத்துவிட்டார். கிணறு இருக்கும் இடத்தைச் சொல்லுவது சுலபம். இல்லாத இடத்தைச் சொல்லவேண்டும்.

கோட்டில் ஓரிடத்தில் சிவப்பு விட்டுப்போயிருக்கிறது. அருகில் இருப்பது தேஜாசர். ஆற்றின் வளைவை அவர்கள் கிணறு தவறவிட்டிருக்கிறது என்பது என் கணக்கு. ஊருக்கு மேற்கே, மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம், முக்கால் மைல். பெருக்கல் குறி போட்டு அனுப்பினேன். உப்பாக வந்தால் அத்தியாயமும் போச்சு, அவர் பெயரும் போச்சு, என் பெயரும் போச்சு. நல்ல தண்ணீராகத்தான் வரும்.

30 மார்ச்

தோண்டுகிறார்களாம்.

12 ஏப்ரல்

தந்தி. இருநூற்று நாற்பது அடி. மீட்டா.

சீனிவாசராகவன் மல்லேஸ்வரத்திலிருந்து மைசூர்பாகு வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். எனக்குத் தெரு முழுக்கச் சொல்லவேண்டும் போலிருந்தது, சொன்னேன்.

20 ஜனவரி 1959

பன்வர்லாலிடமிருந்து மஞ்சள் தடவிய கடிதம். டோரீன் இன்று வரவில்லை. ஆனாலும் படிக்கப் படிக்க எனக்கே புரிந்துவிட்டது.

அவருக்கு முப்பத்தாறு வயதாம். தேஜாசருக்கு யாரும் பெண் கொடுக்கமாட்டார்களாம். நாலு மைல் குடம் சுமக்க எந்த அப்பன் மகளை அனுப்புவான் என்று எழுதியிருக்கிறார். பதினோரு வருஷமாக ஊருக்குள் ஒரு மருமகள் வரவில்லை. இப்போது தண்ணீர் வந்துவிட்டது, வரும் வசந்த பஞ்சமிக்கு ஒரே நாளில் ஆறு கல்யாணம், அதில் ஒன்று அவருடையது.

"புது மருமகள் முதல் குடம் எடுக்கும்போது வீட்டுக்கு மூத்தவள் பக்கத்தில் நின்று குடத்தில் கைவைக்கவேண்டும். ஆறு வீட்டுக்கும் நீங்கள்தான் நிற்கவேண்டும் என்று ஊர் சொல்கிறது. நீங்கள் கணவரை இழந்தவர் என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் கூப்பிடுகிறோம்."

போன வாரம் நாணுவின் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். தாம்பாளம் மாற்றும்போது நான் உக்கிராண அறையில் வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தேன். யாரும் போகச் சொல்லவில்லை. சொல்லவேண்டியிருக்கவில்லை.

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பிறகு பெட்டியைத் திறந்து மாம்பழக் கலர் பட்டுப் புடவையை எடுத்துக் கொடியில் வெயிலுக்குப் போட்டேன். சாயங்காலம் நாணு வந்தான். புடவையைப் பார்த்தான், மேஜையில் இருந்த கடிதத்தைப் பார்த்தான்.

"எந்த ரயில், மன்னி?" என்றான். "நான் போய் டிக்கெட் எடுத்துண்டு வரேன்."