ஒன்றுக்குப் பக்கத்தில் ஐந்து

ஜூன் 3
இரண்டு அறையில் ஆள் இருக்கிறது. தலையணை உறை ஒன்பது துவைத்தேன். என் வீட்டுக்காரர் போய் இன்றோடு நாற்பத்தியொரு நாள்.

ஜூன் 5
கொழுந்தன் வந்தான். விடுதியில் அவனுக்கும் பாதி. கதவு நம்பரை வரிசையாக மாற்ற வேண்டுமாம்.
"ஒன்னுக்குப் பக்கத்துல அஞ்சு, அஞ்சுக்கு எதிர்ல ரெண்டு. வர்றவன் தலையப் பிச்சுக்குவான் அண்ணி."
"இத்தன வருஷமா எவன் பிச்சுக்கிட்டான்?"
"அண்ணன் கூடவே போய் விட்டுட்டு வருவாரு. இனிமே யாரு போறது?"
அடுப்படியை விட்டு நான் எங்கே வெளியே வந்தேன்?

ஜூன் 6
வரிசை ஒன்றும் தப்பில்லை. கட்டினது கட்டினபடி நம்பர். மாமனாரின் அப்பா கட்டியது ஒன்று — கடைசி பஸ்ஸை விட்டவர்களுக்காக. மாமனார் இரண்டும் மூன்றும். நான் வாழ்க்கைப்பட்டு வந்த வருஷம் நான்கு. மாட்டை விற்று, கொட்டிலைக் கழுவி நாங்கள் எடுத்தது ஐந்து. எல்லா நம்பரும் என் வீட்டுக்காரர் கையெழுத்து. ஐந்துக்குத் தொப்பை பெரிசு. "உங்கள மாதிரியே இருக்கு" என்று கேலி செய்வேன்.

ஜூன் 11
தையல் மெஷின் ரிப்பேர்காரர் மூன்றைத் தேடி, பக்கத்தில் நம்பர் போடாத எங்கள் அறைக்குள் போய்விட்டார். என் வீட்டுக்காரர் படுத்த கட்டிலில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். கத்திவிட்டேன். பாவம், ஒரு கால் சாக்ஸோடு முற்றத்துக்கு ஓடினார்.
அந்த விரிப்பை இன்னும் துவைக்கவில்லை. எதுக்கு வச்சிருக்கேன்? வாசனைகூட போயிடுச்சே.
பிறகு நானே மூன்றுக்குக் கூட்டிப்போனேன். என்ன பேசுவது? கதவு கதவாக யார் கட்டியது என்று சொல்லிக்கொண்டே போனேன். ஐந்தாம் கதவில் நின்று, "மாட்டுக்கொட்டில்ல படுத்திருந்தா இந்தத் திட்டு விழுந்திருக்காதே" என்றார். சிரித்துவிட்டேன். நாற்பத்தொன்பது நாளில் முதல் சிரிப்பு.

ஜூன் 12
நடந்ததைக் கொழுந்தனிடம் போனில் உளறித் தொலைத்தேன். "பாத்தீங்களா? திங்கக்கிழமை பெயிண்டரோட வர்றேன்."

ஜூன் 14
நான்கு பேர் வந்தார்கள். நான்கு பேரையும் நானே கொண்டுபோய் விட்டேன். யாரும் தலையைப் பிய்த்துக்கொள்ளவில்லை.

ஜூன் 16
காலையிலேயே விரிப்பைத் துவைத்துக் கொடியில் போட்டேன். என் துணிமணி சாமான் அறைக்குப் போயாயிற்று.
"எத அழிக்கணும்க்கா?" என்றார் பெயிண்டர்.
"எதையும் அழிக்க வேணாம். இதுல ஆறுன்னு எழுதுங்க."
கொழுந்தன் பதறினான். "அண்ணி, இது உங்க ரூமாச்சே! மூணுக்குப் பக்கத்துல ஆறா?"
"கூட்டிட்டுப் போக நான் இருக்கேன்."
பெயிண்டரிடம், தொப்பையைக் கொஞ்சம் பெரிசாகப் போடச் சொன்னேன்.

ஜூன் 18
ஆறில் ஒரு வாத்தியார் தங்கினார். நல்ல தூக்கமாம்.