மார்கரெட் அன்ரியின் அப்பாவுக்கு இரண்டு மனைவியர்

மவுண்ட் ஆல்பர்ட், ஆக்லாந்து. 1996 ஜூலை 14, ஞாயிறு, மாலை நான்கு மணி. வீட்டில் இருவர்: நானும் வீட்டுக்கார மார்கரெட் அன்ரியும்.

அம்மா, முழங்கால் வலி எப்படி? நான் சுகம்.

அன்ரி மோர்மன் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர். மோர்மன் வீட்டில் குடியிருந்தால் இரண்டு பெண் கட்டிவைப்பார்கள் என்று மாமா சொன்னது புளுகு. அவர்களின் ஆரம்பகாலத் தலைவர்கள் பலரை மணந்தது உண்மை. நூறு வருடத்துக்கு முன்பே சபை அதை நிறுத்திவிட்டது.

அன்ரியிடமே கேட்டேன். சிரித்தார். "எங்கட அப்பாவுக்கும் ரெண்டுதான். முதல் மனைவி செத்த பிறகு என்ர அம்மாவைக் கட்டினார். எங்கட சபையில கல்யாணம் சாவோட முடியாது, மேலுலகத்தில ரெண்டு பேரும் அவரோடதான். மூத்தவவின்ர படத்தை அம்மாதான் துடைப்பா."

உங்கள் மருமகள் வதனி செத்த பிறகு நீங்கள் எடுத்த மறுகல்யாணப் பேச்சை நான் காதில் வாங்கவே இல்லை. அன்ரி சொன்னதைக் கேட்டபின் முடிவெடுத்துவிட்டேன். இனி:

1. நீங்கள் பார்த்த பெண்ணுக்கு வதனியைப் பற்றி நானே எழுதுவேன்.
2. அவர் சம்மதித்தால் கட்டுவேன்.
3. கட்டிய பிறகும் வதனியின் படத்தை வீட்டில் மாட்டுவேன். என்னிடம் பாஸ்போர்ட் அளவுதான் இருக்கிறது. பெரியது ஒன்று அனுப்புங்கோ.