அறுபத்தொரு தாள்களில் உள்ள ஊசித் துளைகள் குறித்து

அனுப்புநர்
தன்னார்வப் பார்வையாளர் எண் 214,
பள்ளி ஆய்வக உதவியாளர்,
மூன்றாம் மாடி, பின்பக்க வீடு.

பெறுநர்
கண்காணிப்பு அலுவலர் அவர்கள்,
சூரியப்புள்ளிப் பதிவேட்டுப் பிரிவு,
வானாய்வு மையம்.

பொருள்: சூரியப்புள்ளித் தாள்களில் ஊசித் துளைகள் – திருத்தப்பட்டவை என ஐயம் – பதினோரு ஆண்டுப் பதிவை நீக்க உத்தேசம் – உண்மை விவரம் தெரிவித்தல் – என் தாயாருக்குத் தனி எண் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகக் கடிதம், சென்ற மாதம் 29ஆம் நாள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் கடிதம் கிடைத்தது. நான் அனுப்பிய அசல் தாள்களில் அறுபத்தொன்றில் ஊசியால் குத்திய துளைகள் இருப்பதாகவும், அவற்றின் மேல் பென்சிலால் புள்ளி வைக்கப்பட்டிருப்பதாகவும், அந்த நாள்களில் மட்டும் எண்ணிக்கை திடீரென உயர்ந்திருப்பதாகவும் குறிப்பிட்டுள்ளீர்கள். பதினைந்து நாள்களுக்குள் தக்க விளக்கம் தராவிட்டால், என் பெயரில் உள்ள மூவாயிரத்து நூற்று ஆறு தாள்களும் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும் என்றும் எழுதியுள்ளீர்கள். இது பன்னிரண்டாம் நாள். நேரில் வந்து சொல்ல எனக்குத் துணிவு இல்லை. இரண்டு முறை தங்கள் அலுவலக வரவேற்பறை வரை வந்து, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போனேன். எனவே எழுதுகிறேன்.

2. துளைகள் உண்மை. அவற்றைக் குத்தியவர் என் தாயார். பென்சில் வைத்தவள் நான். அந்த அறுபத்தொரு நாள்களும் சூரியனைப் பார்த்தவர் அவர். என் எண்ணில் அனுப்பியது என் தவறு.

3. இது எப்படி நேர்ந்தது என்பதைச் சொல்ல, சென்ற உச்சத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. பதினோரு ஆண்டுகளுக்கு முன் சூரியப்புள்ளிகள் மிகுந்திருந்த அந்த ஆண்டில் நான் எட்டாம் வகுப்பு. எங்கள் வீட்டுக்கு மேலே மாடி அறையில் குடியிருந்தவர் காலி செய்தபோது ஒரு சிறிய தொலைநோக்கியை விட்டுச் சென்றார். அம்மா அதைச் சில நாள்கள் ஜன்னல் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். பாடப் புத்தகத்தில் சூரியனின் பிம்பத்தை வெள்ளைத் தாளில் விழச் செய்வது எப்படி என்று ஒரு செய்முறை இருந்தது. தொலைநோக்கி வழியே சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது என்று கட்டம் போட்டு எழுதியிருந்தது. அந்தக் கட்டத்தை நான் அம்மாவுக்கு மூன்று முறை படித்துக் காட்டிய பிறகே அவர் அனுமதி கொடுத்தார்.

4. அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். ஓடாத மேசை விசிறி ஒன்றின் தலையைக் கழற்றிவிட்டு, அந்தக் கழுத்தில் தொலைநோக்கியைப் பட்டை போட்டு இறுக்கிக் கொடுத்தார். மேலும் கீழும் சாயும், பக்கவாட்டில் திரும்பும். இன்றுவரை அதுதான் எங்கள் தாங்கி. பிம்பம் விழ, தையல் கடையிலிருந்து அம்மா கொண்டுவந்த சட்டைப் பெட்டி. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவே முதல்முறை அந்த வட்டம் தாளில் விழுந்தபோது, அதில் கறுப்பாகச் சில பொட்டுகள் இருந்தன. நான் கண்ணாடியில் தூசு என்று நினைத்துத் துடைத்தேன். போகவில்லை. அப்பா குனிந்து பார்த்துவிட்டு, "என்ன பாப்பா, சூரியனுக்கு அம்மை போட்டிருக்கா?" என்றார். அன்று நான்கு கூட்டங்கள், பதினேழு புள்ளிகள். கூட்டத்துக்குப் பத்து, புள்ளிக்கு ஒன்று என்று கணக்கிட வேண்டும் என்பதைப் பிறகு தங்கள் மையத்தின் கையேட்டில் படித்தேன். அப்பா அதற்கும் வழி கண்டுபிடித்தார். மாலையில் வந்ததும் கைகூடக் கழுவாமல், "இன்னைக்கு எத்தனை பஸ், எத்தனை பேர்?" என்று கேட்பார். அந்த முதல் நாளின் எண் ஐம்பத்தேழு. அது தங்கள் பதிவேட்டில் என் முதல் வரி.

5. அந்த ஆண்டின் காலைகளை நான் இப்போதும் வாசனையோடு நினைவு வைத்திருக்கிறேன்: சோப்பு வாசனை, சூடேறும் சிமெண்ட், பென்சில் சீவல். வெயில் விழும் இடத்தில் தொங்கும் துணிகளை அம்மா ஒவ்வொன்றாகத் தள்ளி வழி விடுவார். பெரிய புள்ளி ஒன்று வட்டத்தின் ஓரத்தில் மறைந்து, சூரியன் பாதிச் சுற்று சுற்றியதும் இரண்டு வாரம் கழித்து மறு ஓரத்தில் தலை காட்டினால், "போனவன் வந்துட்டான்டீ" என்று கூப்பிடுவார். விருந்தாளி வந்ததுபோல் இருக்கும்.

6. பிறகு புள்ளிகள் குறைந்தன. நான் கல்லூரிக்குப் போகத் தொடங்கியபோது வாரக் கணக்கில் வெறும் வட்டங்கள். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். வகுப்பில் வாயைத் திறக்கப் பயந்து உட்கார்ந்திருந்த அந்த மூன்று ஆண்டுகளில், காலையில் போட்ட வெறும் வட்டம் ஒன்றுதான் நான் தவறில்லாமல் செய்தேன் என்று நிச்சயமாகத் தெரிந்த வேலை. "ஒண்ணுமில்லைன்னு எழுதறதுக்கு ஒரு நோட்டா?" என்று அப்பா கேட்டார். "ஒண்ணுமில்லைன்னு யாராவது பார்த்துச் சொல்லணும்ல?" என்றார் அம்மா. நானாக இருந்தால் அவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

7. இனி தவறு. சென்ற ஆண்டு, மறுபடியும் உச்சம் நெருங்கியபோது, வேலைக்கான மூன்று மாதப் பயிற்சிக்காக நான் வேறு ஊரில் தங்க நேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே வீடு. மேகமூட்டம் தவிர வேறு காரணத்தால் ஒரு நாளும் விட்டதில்லை என்ற பெருமை எனக்கு இருந்தது. பதினோரு ஆண்டு காத்திருந்து வந்த உச்சத்தில் ஓட்டை விழுவதை என்னால் தாங்க முடியவில்லை. அம்மாவைத் துணைப் பார்வையாளராகச் சேர்க்கத் தங்கள் விண்ணப்பப் படிவத்தை எடுத்து வைத்தேன். அதில் "கல்வித் தகுதி: குறைந்தது பள்ளி இறுதி" என்ற வரி இருந்தது. அம்மா மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். எண்கள் எழுதுவார், எழுத்துக் கூட்டிப் படிப்பார். படிவத்தை நான்காக மடித்து அகராதிக்குள் வைத்துவிட்டேன். அவரிடம் அதைக் காட்டவில்லை.

8. அம்மா பதினாறு ஆண்டுகளாகத் தையல் கடையில் கைக்காஜா எடுப்பவர், அதாவது பட்டன் துளைகளைக் கையால் தைப்பவர். பென்சில் பிடித்தால் கை நடுங்குகிறது என்றார். "எனக்கு ஊசிதான் வரும். புள்ளி இருக்கற எடத்துல ஒரு குத்து குத்தி வைக்கறேன், நீ வந்து எழுதிக்கோ" என்றார். அப்படியே செய்தார். காலை எட்டரைக்கு மாடி ஏறி, வட்டத்தில் புள்ளி தெரிந்த இடமெல்லாம் ஊசியால் குத்தி, மூலையில் மணியை எழுதி, ஒன்பதரைக்குக் கடைக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, துளைகளின் மேல் பென்சில் வைத்து, எண்ணி, மாத முடிவில் அனுப்பினேன்.

9. எண்ணிக்கை உயர்ந்ததற்கு அதுவே காரணம். ஒவ்வொருவர் கண்ணும் ஒரே மாதிரி எண்ணாது என்பதால் பார்வையாளர் ஒவ்வொருவருக்கும், அவர் எண்ணிக்கையைப் பெருக்கிச் சமன் செய்ய, ஒரு காரணி எண் தருகிறீர்கள். என்னுடையது 0.92. அந்த அறுபத்தொரு நாள்களில் அது 0.70 ஆகிவிட்டது என்று கடிதத்தில் சுட்டியுள்ளீர்கள். ஐயா, கண் மாறிவிட்டது, அவ்வளவுதான். எனக்கு ஒரு கறையாகத் தெரிவது அம்மாவுக்கு ஐந்து தனிப் புள்ளிகளாகத் தெரிகிறது.

10. இதுவரை எழுதியதைக் கடிதம் வந்த மறுநாளே எழுதியிருக்க முடியும். தாமதத்துக்குக் காரணம் ஒரு தாள். வரிசை எண் 2,874. அதில் பெரிய கூட்டத்தின் அருகே, புள்ளியே இல்லாத வெற்று இடத்தில், அடுத்தடுத்து இரண்டு துளைகள். மூலையில் 8.50 என்று அம்மாவின் கையெழுத்து. என்னவென்று கேட்டேன். "புள்ளி இல்லடீ. வெளிச்சம். ரெண்டு எடத்துல பளிச்சுன்னு இருந்துச்சு, அரிசி மாதிரி. பால் பொங்கற நேரம்கூட இல்ல, போயிடுச்சு. எதுக்கும் இருக்கட்டும்னு குத்தி வெச்சேன்" என்றார்.

11. சூரியனே வெளிச்சம்தானே, அதில் என்ன தனி வெளிச்சம் என்று நான் சிரித்தேன். "உனக்குக் கண் பூத்துப் போயிருக்கும்மா" என்றேன். அந்த இரண்டு துளைகளின் மேல் பென்சில் வைக்கவில்லை. கட்டைவிரல் நகத்தால் தேய்த்து அவற்றை மூடினேன். இயற்பியலில் பட்டம் பெற்றவள் என்ற நினைப்பு அந்த நகத்தில் இருந்தது.

12. அடுத்த மாதம் தங்கள் மாதாந்திர அறிக்கை வந்தது. வலிமையான சூரியச் சுடர் வெடிப்புகளின் பட்டியலில் அதே நாள், அதே கூட்டம்: தொடக்கம் காலை 8.47, உச்சம் 8.51. மிக அரிதாக, சில பெரிய சுடர்கள் சாதாரண வெண்ணொளியிலேயே சில நிமிடங்கள் தெரியும் என்பதை நான் கல்லூரியில் படித்திருக்கிறேன். தேர்வில் எழுதியும் இருக்கிறேன். அறிக்கையைப் படித்துவிட்டு நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. தங்களிடம் சொன்னால் பார்த்தது யார் என்று சொல்ல வேண்டியிருக்கும். அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்பதற்கு என்னிடம் இப்போதும் தக்க விளக்கம் இல்லை.

13. தங்கள் கடிதம் வந்த பிறகு, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து ஒரு மாலை தையல் கடைக்குப் போனேன். அம்மா உள்ளே முகம் கழுவிக்கொண்டிருந்தார். கடை மாஸ்டர் என்னை அருகே கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்: "அம்மாவுக்குக் கண்ணைக் காட்டினீங்களாம்மா? போன வருஷத்துலேருந்து கருப்புத் துணி வேணாம்னுட்டாங்க. கண்ணு பூத்துப் போச்சாம். கருப்புக் கோட்டுக்குக் காஜா எடுக்க அவங்களை விட்டா எனக்கு ஆளே இல்ல. வெள்ளைச் சட்டையாத் தாங்க மாஸ்டர்ங்கறாங்க. ஆனா ஒரு தையல் தப்பினதை நான் பார்க்கல."

14. ஐயா, கருப்பு நூலால் கருப்புத் துணியில் தைப்பதுதான் அந்தக் கடையில் மிக நுணுக்கமான வேலை. அது தன் கைக்கு வருவதில் அம்மாவுக்கு இருந்த பெருமை எனக்குத் தெரியும். நான் விளையாட்டாகச் சொன்ன ஒரு சொல்லை நம்பி, வீட்டில் யாருக்கும் தெரியாமல் அதை விட்டுக் கொடுத்திருக்கிறார். சூரியனில் தெரிந்ததைச் சரியாகப் பார்த்த கண்ணை, பார்க்காத நான் சந்தேகிக்க வைத்தேன்.

15. நடந்து வரும் வழியில் சொன்னேன். தங்கள் அறிக்கையைத் தெருவிளக்கின் கீழே காட்டினேன். 8.51 என்ற எண்ணை அவரே விரலால் தொட்டுப் படித்தார். "என் மணி ஒரு நிமிஷம் முந்தியா?" என்று கேட்டார். வீட்டுப் படியில் ஏறும்போது, "சொல்லியிருக்கலாமேடீ" என்றார். மறுநாள் மாலை கடையிலிருந்து வரும்போது அவர் கையில் ஒரு கருப்புக் கோட்டு இருந்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வெளிச்சம் போகும்வரை தைத்தார்.

16. மேற்கண்ட நிலையில் நான் வேண்டுவன:

அறுபத்தொரு நாள்களையும் என் எண்ணிலிருந்து எடுத்துவிடுங்கள். என் பதிவில் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். அந்தக் காலி இடத்துக்குத்தான் நான் அவ்வளவு பயந்தேன், இப்போது பயமில்லை. என் மீது தாங்கள் எடுக்கும் நடவடிக்கை எதுவாயினும் ஏற்றுக்கொள்கிறேன். என் மற்ற தாள்களைத் தாங்கள் நம்ப இயலாவிட்டாலும் மறுப்பு எழுத மாட்டேன்.

ஆனால் அந்த அறுபத்தொன்றையும் குப்பையில் சேர்க்க வேண்டாம். என் தாயாருக்குத் தனிப் பார்வையாளர் எண் ஒன்று வழங்கி, அவற்றை அந்த எண்ணில் சேர்க்கக் கோருகிறேன். படிவத்தில் உள்ள கல்வித் தகுதி வரியைத் தளர்த்தக் கோருகிறேன். புள்ளி எண்ண எது தேவையோ அது அவரிடம் இருக்கிறது. அதைச் சோதிக்கத் தாங்கள் யாரை அனுப்பினாலும் காலை எட்டரைக்கு மொட்டை மாடியில் இருப்போம். துணிகளை நாங்களே தள்ளி வைத்துவிடுகிறோம்.

தாள் எண் 2,874ஐத் தயவுசெய்து தாங்களே எடுத்து ஒளியில் பிடித்துப் பார்க்க வேண்டுகிறேன். பெரிய கூட்டத்தின் வலப்பக்கம், பென்சில் படாத இரண்டு இடங்கள். நான் தேய்த்தும் அவை முழுவதும் மூடவில்லை. அந்த நாளுக்கான குறிப்பில் "கண்டவர்" என்ற இடத்தில் அவருடைய எண்ணை எழுத வேண்டுகிறேன். மையத்தின் கருவிகள் அந்தச் சுடரை ஏற்கெனவே பதிந்துவிட்டதால் இதனால் அறிவியலுக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது என்று அறிவேன். எங்கள் வீட்டுக்குக் கிடைக்கும்.

17. இன்று காலை எடுத்த இரண்டு தாள்களை இணைத்துள்ளேன். ஒரே தொலைநோக்கி, பத்து நிமிட இடைவெளி, ஒருவர் தாளை மற்றவர் பார்க்கவில்லை. என்னுடையது பென்சில்: எட்டுக் கூட்டம், அறுபத்தொரு புள்ளி, எண் 141. அம்மாவுடையது ஊசி: எட்டுக் கூட்டம், நூற்று நான்கு புள்ளி, எண் 184. என்னுடையதை 0.92 ஆலும், அவருடையதைத் தாங்கள் கடிதத்தில் சுட்டிய 0.70 ஆலும் பெருக்கிப் பார்த்தேன். ஒன்று 130. மற்றொன்று 129.

அம்மாவின் தாளில் பென்சில் வைக்கவில்லை. அப்படியே அனுப்புகிறேன்.

தங்கள் முடிவை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
பார்வையாளர் எண் 214

(ஒப்பம்)
பார்வையாளர் எண் ………
(தாயார், எண்ணைத் தாங்கள் நிரப்பும் பொருட்டு இடம் விடப்பட்டுள்ளது)

நாள்: அக்டோபர் 11
இடம்: மொட்டை மாடி

இணைப்பு: இன்றைய தாள்கள் இரண்டு, நான்காக மடித்த விண்ணப்பப் படிவம் ஒன்று, கல்வித் தகுதி வரியில் "மூன்றாம் வகுப்பு" என்று உள்ளபடியே நிரப்பியது.