இல்லாத பிரேக்

நவம்பர் 9, ஞாயிறு

காலையிலிருந்து டில்லிப் புகை. எதிர் பிளாக் தெரியவில்லை. புகையா, என் வலது கண்ணில் இருக்கும் புரையா என்று மகள் ஜெனியிடம் கேட்டேன். "ரெண்டும்பா" என்றாள். நல்ல மகள்.

நேற்று ஆஸ்பத்திரியில் இரண்டாம் முறையாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, பச்சைத் தொப்பி மாட்டி, கடைசியாக பி.பி. பார்த்தால் 190/110. ஆபரேஷன் கிடையாது, வீட்டுக்குப் போங்கள். வீட்டில் ஸ்டெல்லா பார்த்தால் 145. மனைவி நர்ஸ். மெஷின் தப்பு என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

டாக்டர் சொன்னது: மாத்திரையை மாற்றியிருக்கிறேன், ஒருநாளும் விடக் கூடாது. கூடவே தினமும் தியானம். அடுத்த தேதி 22.

அதுவும் போனால்? கண் சரியானால்தான் ஆபீசில் மறுபடி வண்டிச் சாவி. மூன்று மாதமாகத் தபால் ரெஜிஸ்டர் எழுதுகிறேன். இருபத்தேழு வருட டிரைவர், இப்போது ஓட்டுவது பேனா. அதுவும் கோடு தாண்டுகிறது.

நவம்பர் 10, திங்கள்

குளிர். பால் பாக்கெட் வாங்க மறந்தேன். திட்டு.

ஜெனி சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். "எங்க ஸ்கூல்ல எல்.கே.ஜி. பசங்களே அஞ்சு நிமிஷம் கண்ண மூடி உக்காருறாங்கப்பா. நீங்க உக்கார மாட்டீங்களா?"

ரோஷம் வந்து உட்கார்ந்தேன். மூச்சை எண்ண வேண்டுமாம். எண்ணிக்கை விட்டுப்போகும் என்றேன். "ஜெபமாலைய வச்சுக்கோங்க. ஒரு மணிக்கு ஒரு மூச்சு."

அங்கேதான் தப்பு நடந்தது. வீட்டில் இரவு ஜெபமாலை சொல்வது நான். நம் வேகம் ஊரறிந்தது. மணி கையில் பட்டதும் விரல் தானாக ஓடியது, மூச்சும் பின்னாலேயே ஓடியது. ஐம்பத்து மூன்று மணியும் இரண்டு நிமிடத்தில் முடிந்தன. தலை சுற்றிச் சுவரைப் பிடித்தேன்.

ஸ்டெல்லா சமையலறையிலிருந்து: "என்னங்க, மூச்சு விடச் சொன்னா ரேஸ் விடுறீங்க!"

ஜெனி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாளை முதல் பத்து மணி மட்டும். "ஆராம் சே, அப்பா. மெதுவா."

நவம்பர் 12, புதன்

ஜெபமாலையில் பத்து மணி. நான்காவது மணியில் தூங்கிவிட்டேன். குறட்டை விட்டேனாம்.

நவம்பர் 13, வியாழன்

இன்று தூங்கவில்லை. ஆனால் ஏழாவது மணியில் ஜெனியின் குரல்: "அப்பா, எதுக்கு பிரேக்?"

கண்ணைத் திறந்து பார்த்தால் என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. கட்டை விரல் வெளுத்துப் போகும் அளவுக்கு. நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன், எதிரே பீரோ. எதை இடிக்கப் போகிறேன்?

"டாக்ஸிலயும் இப்படித்தாம்பா பண்ணுனீங்க. ரெண்டு தடவையும்."

உண்மைதான். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை "அண்ணே, பிரேக்! பிரேக்!" என்று தொண்டை வற்றக் கத்தினேன். இரண்டாம் முறை அந்த டாக்ஸிக்காரர் வண்டியை ஓரம் கட்டி, கும்பிடு போட்டு, "நீங்களே ஓட்டுங்க சாப்" என்று இந்தியில் சொன்னார். பி.பி. எப்படி இறங்கும்?

நவம்பர் 16, ஞாயிறு

வெயில் கொஞ்சம். காலைப் பூசை. காலிபிளவர் மலிவு, இரண்டு வாங்கியாயிற்று.

மதியம் தனியாக உட்கார்ந்தேன். மூன்று பத்து ஓடியது. வயிற்றில் ஒரு பிடிப்பு. அப்படி வந்தால் அதையே பார்க்கச் சொல்லியிருந்தாள் ஜெனி, விரட்ட வேண்டாமாம். பார்த்தேன். கோபம் என்றுதான் இத்தனை நாள் அதற்குப் பெயர் வைத்திருந்தேன். கோபம் இல்லை. பயம். அடுத்தவர் ஸ்டியரிங் பிடித்தால் எனக்குப் பயம். ஆபரேஷன் மேஜையிலும் அதுதான். யாரோ ஓட்டுவார்கள், நான் சும்மா படுத்திருக்க வேண்டும்.

ஜெனி லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம். நம் பழைய கார் கீழே உறை போட்டு நிற்கிறது. ஒருநாள்கூடச் சாவி கொடுத்ததில்லை. "டில்லி டிராஃபிக் உனக்குத் தெரியாது" என்பேன். இங்கேயே பிறந்தவளிடம்.

கொஞ்சம் அழுகை வந்தது. புகையால் இருக்கும்.

நவம்பர் 19, புதன்

இதுவரை வந்த லாபம்:

பி.பி. வீட்டில் 134. (பாதி மாத்திரை, பாதி மூச்சு. சரியாகப் பிரிக்கத் தெரியவில்லை.)

முதுகுவலி குறைந்தது.

பஸ்ஸில் ஒருவன் காலை மிதித்தான். முறைத்ததோடு விட்டேன்.

ஆபீசில் ஷர்மாஜி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "தபியத் டீக் ஹை? உடம்பு சரியா இருக்கா? இன்னைக்கு யார்கிட்டயும் சண்டையே இல்லையே?"

ஸ்டெல்லாவிடமிருந்து நேற்று, நான் கேட்காமலே இரண்டாவது டீ. இதுதான் பெரிது.

நவம்பர் 22, சனி

கட்டுப் போடாத இடது கண்ணால் எழுதுகிறேன், அதிலும் லேசாகப் புரை. கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

காலை ஆறரை. டாக்ஸிக்கு போன் செய்யப் போனாள் ஜெனி. சாவியை நீட்டினேன். பார்த்தாள், வாங்கவில்லை. "சச்சி? நெஜமாவா?"

"நான் பின்னால உக்காந்துக்கிறேன். முன்னால உக்காந்தா கால் சும்மா இருக்காது."

பின் சீட்டில் ஜெபமாலையோடு நான், பக்கத்தில் என் மணிக்கட்டைப் பிடித்தபடி ஸ்டெல்லா. பெரிய ரவுண்டானாவில் ஒரு பஸ் குறுக்கே வந்தது. வாயைத் திறந்தேன். மூச்சு மட்டும் விட்டேன். ஜெனி ஹார்ன்கூட அடிக்காமல் வழி விட்டு எடுத்தாள். நானாக இருந்தால் அடித்திருப்பேன், இறங்கியும் இருப்பேன்.

ஆஸ்பத்திரியில் 148/88. இது போதும் என்று நர்ஸ் சக்கர நாற்காலியைத் தள்ளினார். உள்ளே வெளிச்சம், தண்ணீர், யாரோ இந்தியில் கிரிக்கெட் பேசினார்கள். மணி கையில் இல்லை, விரலை எண்ணினேன். பன்னிரண்டு பத்துக்குள் முடிந்துவிட்டது.

திரும்பும் வழியில் தூங்கிவிட்டேன். இன்னொருவர் ஓட்டும் வண்டியில், என் வாழ்க்கையில் முதல் முறை.

நவம்பர் 23, ஞாயிறு

கட்டு பிரித்தாயிற்று. ஆண்டவரே, ஸ்டெல்லாவின் சேலை நீலம்! இத்தனை நாளாகச் சாம்பல் நிறம் என்றிருந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்கியபோது காரைப் பார்த்தேன். இடது கதவில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல். நேற்றுதான் சாவி கொடுத்தேன்! திட்டு வாய்வரை வந்தது. அங்கேயே நின்று பத்து மூச்சு. விரலை விட்டு எண்ணினேன். பிறகு குனியாமல் (குனியக் கூடாது) கிட்டே போய்ப் பார்த்தேன். கீறலுக்குள் துரு. பழைய துரு.

"ஜெனி, இது எப்ப?"

"போன வருஷம்பா. கேட் தூண்ல நீங்க இடிச்சது. உங்களுக்குத் தெரியல."

"ஏன் சொல்லல?"

"கத்துவீங்கல்ல."

ஸ்டெல்லா வேறெங்கோ பார்த்தாள்.

நான் கத்தவில்லை. ஜெனி சாவியைத் திருப்பி நீட்டினாள். உன் பையிலேயே இருக்கட்டும் என்றேன்.